கச்சேரிக்கு நடுவே மூன்றாம் ரிச்சர்ட்



நாடக வரலாறு என்றால் நாடக ஆசிரியர்களின் வரலாறு என்றே ஆகிவிட்டது. யார் எழுதினார், எந்த ஆண்டு எழுதினார், பாத்திரப் படைப்பு எப்படி என்று படிக்கிறோம், தேர்வும் எழுதுகிறோம். அன்றைக்குக் காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்தவர் மாலை ஆறு மணி முதல் ராத்திரி வெகுநேரம் வரை என்னவெல்லாம் பார்த்தார் என்று கேட்பவர்கள் குறைவு. 18ஆம் நூற்றாண்டு லண்டனைப் பொறுத்தமட்டில், இந்தக் கேள்வியைக் கேட்காதவருக்கு அந்தக் காலத்து நாடகம் ஒன்றுகூடச் சரியாகப் பிடிபடாது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஒரே ஒரு நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். 1741 அக்டோபர் 19, திங்கட்கிழமை. இடம் லண்டனின் கிழக்கே, ஒயிட்சேப்பலை ஒட்டியிருந்த குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் நாடக அரங்கு. வாய்ப்பாட்டும் வாத்திய இசையும் கலந்த கச்சேரி இரண்டு பகுதியாக நடக்கும் என்று நோட்டீஸ் தொடங்குகிறது. டிக்கெட் மூன்று ஷில்லிங், இரண்டு ஷில்லிங், ஒரு ஷில்லிங். கச்சேரியின் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் வாழ்வும் மரணமும் பற்றிய சரித்திர நாடகம் நடக்கும். ரிச்சர்டாக நடிப்பவர், இதற்கு முன் எந்த மேடையிலும் ஏறாத ஒரு கனவான். கூடவே நடனங்கள் உண்டு: முசே ஃப்ரோமோன், மேடம் டுவால், கிரானியே குடும்பத்தின் இரண்டு சிறுவர்கள், ஒரு சிறுமி. எல்லாவற்றுக்கும் பிறகு ‘முகத்திரை விலகிய கன்னி’ என்று தமிழில் சொல்லத்தக்க ஓரங்கப் பாட்டு நாடகம். இரண்டு நாடகங்களுக்கும் கட்டணம் கிடையாது. நடிப்பவர்கள் தங்கள் சொந்தப் பொழுதுபோக்குக்காக நடிக்கிறார்கள். கச்சேரி சரியாக ஆறு மணிக்குத் தொடங்கும்.

பெயர் போடாத அந்தக் கனவான் டேவிட் கேரிக். வயது 24. அண்ணனோடு சேர்ந்து ஒயின் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். ஆங்கில நடிப்புக் கலையின் போக்கையே மாற்றிய அரங்கேற்றம் இது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன, நியாயமாகவே சொல்கின்றன. ஆனால் அந்த நோட்டீஸில் கேரிக் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். கச்சேரிக்கு நடுவில், ஆட்டங்களுக்கு ஊடே, இலவச இணைப்பாக இருக்கிறார்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் சட்டம். 1660களில் இரண்டாம் சார்லஸ் மன்னர் லண்டனில் நாடகம் நடத்தும் உரிமையை இரண்டே கம்பெனிகளுக்குப் பட்டயமாக எழுதிக் கொடுத்தார். அந்த வழியில் வந்தவை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் என்ற இரண்டு அரங்குகள். இடைக்காலத்தில் வேறு சில அரங்குகளும் முளைத்தன. அவற்றில் ஆட்சியாளர்களைக் கிழித்துத் தொங்கவிடும் நாடகங்கள் ஓடின. பிரதமர் ராபர்ட் வால்போலுக்குப் பொறுக்கவில்லை. 1737இல் நாடக உரிமச் சட்டம் வந்தது. புதிய நாடகங்கள் அரண்மனை அதிகாரியின் பார்வைக்குப் போய், அனுமதி பெற்றபிறகே மேடையேற வேண்டும். பட்டயமோ உரிமமோ இல்லாத இடத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ நாடகம் நடத்தக் கூடாது.

கூலிக்கு நடத்தினால்தானே குற்றம்? குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் முதலாளி ஹென்றி கிஃபர்ட் அந்தச் சந்தில் நுழைந்தார். கச்சேரிக்குச் சட்டம் தடை போடவில்லை. ஆகவே டிக்கெட் கச்சேரிக்கு. இசையின் முதல் பகுதி முடிந்து இரண்டாம் பகுதி தொடங்கும் வரை, சில பேர் தாங்களாகவே விரும்பி ஷேக்ஸ்பியரை இலவசமாக நடித்துக் காட்டுகிறார்கள். இந்த உபாயத்தில்தான் 1740 முதல் அந்த அரங்கு ஓடியது.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. ராத்திரி கடைசியில் போட்ட அந்தப் பாட்டு நாடகத்தை எழுதியவர் ஹென்றி ஃபீல்டிங். வால்போலை மேடையில் கடுமையாகத் தாக்கியவர் அவர். 1737 சட்டம் குறிவைத்த ஆட்களில் முக்கியமானவர். சட்டம் வந்ததும் நாடகத்தை விட்டார், வழக்கறிஞர் ஆனார், பிறகு ‘டாம் ஜோன்ஸ்’ நாவலை எழுதினார். கிஃபர்டின் கதை இன்னும் விசித்திரம். அரசரையும் அமைச்சரையும் கேவலமாகப் பேசும் ஒரு நாடகக் கையெழுத்துப் பிரதியை வால்போலிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரே அவர்தான் என்றும், அதைக் காட்டித்தான் வால்போல் பாராளுமன்றத்தில் சட்டத்தை நிறைவேற்றினார் என்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சட்டம் கிஃபர்டையும் சேர்த்தே கட்டிப்போட்டது. ஆக, அதே சட்டத்தால் பேனாவை இழந்தவரின் படைப்பை, அதே சட்டத்தால் அரங்கை இழக்கவிருந்தவர், அதே சட்டத்தை ஏமாற்றும் ஒரு மாலையில் கட்டணமின்றிப் போடுகிறார். துண்டுக் காகிதம் என்று தள்ளிவிடக்கூடிய நோட்டீஸ் ஒன்றில் எவ்வளவு வரலாறு அடங்கிக் கிடக்கிறது!

இப்போது அந்த மாலைக்குள் போவோம். அரங்கு முழுவதும் மெழுகுவத்தி வெளிச்சம். மேடைக்கு மேலே வளையங்களில் மெழுகுவத்திகள் தொங்கும். மேடையின் முன் விளிம்பில் வரிசையாகச் சுடர்கள். பார்வையாளர் பகுதியிலும் விளக்குகள் கடைசி வரை எரியும். இருட்டில் உட்கார்ந்து மேடையை மட்டும் பார்க்கும் வழக்கம் அப்போது கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டுப் பேசிக்கொண்டு, ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டு, பிடித்ததற்குக் கைதட்டி, பிடிக்காததற்குச் சீறி, சேர்ந்து இருந்தார்கள். கொழுப்பில் செய்த மலிவான மெழுகுவத்தியின் திரி கருகிப் புகையத் தொடங்கினால், கத்தரியோடு ஒரு ஆள் மேடைக்கு வந்து வெட்டிச் சீர்செய்துவிட்டுப் போவார். கதாநாயகி உயிரைவிடும் கட்டமாக இருந்தாலும் அவர் வந்துதான் ஆக வேண்டும். கையில் நடுக்கமில்லாமல், சுடர் அணையாமல் திரியை மட்டும் நறுக்கினால் அவருக்கும் மேல் மாடியான காலரியிலிருந்து கைதட்டல் விழும். அன்றைய நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாத ஒரு நிகழ்ச்சி அது.

அங்கங்களுக்கு நடுவே நடனங்கள். ஃப்ரோமோன், டுவால், கிரானியே குழந்தைகள். இவர்களைப் பற்றி நடன வரலாற்று ஆய்வாளர்களைத் தவிர வேறு யாரும் இன்று பேசுவதில்லை. ஆனால் அந்த ராத்திரி நோட்டீஸில் பெயர் அச்சாகியிருந்தவர்கள் இவர்கள். கேரிக்கின் பெயர் அதில் இல்லை. ஒரு ஷில்லிங் என்பது லண்டன் கூலியாள் ஒருவரின் ஒரு நாள் கூலியில் ஏறக்குறையப் பாதி. அந்த ஷில்லிங்கைக் கொடுத்து ஏறி வந்தவர், பெயர்கூட இல்லாத ஒரு புதுமுகத்தின் ரிச்சர்டை நம்பி மட்டும் வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, கடைசியில் சிரிக்க ஒரு குட்டி நாடகம் உண்டு என்று கணக்குப் பார்த்துத்தான் வந்திருப்பார். அந்தக் கணக்குதான் கேரிக்குக்கு ஒரு சபையைக் கொண்டுவந்து கொடுத்தது.

ரிச்சர்ட் நாடகமும் ஷேக்ஸ்பியர் எழுதியபடியே நடந்ததன்று. நடிகரும் ஆசிரியருமான காலி சிப்பர் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டி ஒட்டிய வடிவம் அது. ஷேக்ஸ்பியரின் வேறு சரித்திர நாடகங்களிலிருந்து பகுதிகளை எடுத்துச் சேர்த்து, ஆறாம் ஹென்றி கொலையுண்பதை மேடையிலேயே காட்டி, கதையை ரிச்சர்டைச் சுற்றி இறுக்கிவிட்டார். மூலத்தைக் கெடுத்துவிட்டார் என்று பிற்காலத்தார் திட்டினார்கள். நடிகனுக்குத் தீனி போடும் பிரதி அது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. கேரிக் குள்ளமானவர். அன்றைய பெரிய நடிகர் ஜேம்ஸ் குவின் போல, கனத்த குரலில் ராகமாக நீட்டி வசனம் சொல்வது அவர் வழியல்ல. போருக்கு முந்தைய இரவில், தான் கொன்றவர்களின் ஆவிகளைக் கனவில் கண்டு திடுக்கிட்டு எழும் காட்சியில் முகமும் கையும் உடம்பும் ஒருசேரப் பேசின. அந்தக் கணத்தைச் சில ஆண்டுகள் கழித்து ஹோகார்த் பெரிய ஓவியமாகத் தீட்டினார். விரிந்த விரல்களோடு வலது கையை உயர்த்தியபடி கேரிக் இருக்கும் அந்தப் படம் இன்றும் லிவர்பூலில் இருக்கிறது.

இந்த உடல்மொழி அவருக்கு எங்கிருந்து வந்தது? மறுநாளே அவர் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நடிகனாகிவிட்டேன் என்பதை மிகுந்த தயக்கத்தோடு ஒப்புக்கொள்ளும் கடிதங்களின் வரிசையில் முதலாவது. அந்த வரிசையில் ஓரிடத்தில் ஒரு தகவல் வருகிறது. முந்தைய பருவத்தில் அதே அரங்கில் யேட்ஸ் என்ற நடிகருக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவருக்குப் பதிலாக வேஷத்தை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று காட்சிகளில் கேரிக் தோன்றினாராம். அது ஹார்லெக்வின் வேஷம். பல நிறத் துணித் துண்டுகள் தைத்த உடையும் கறுப்பு முகமூடியுமாகக் குதித்தாடும், பாண்டமைம் என்ற ஊமைக்கூத்தின் பபூன். ‘எந்த மேடையிலும் ஏறாதவர்’ என்று நோட்டீஸ் சொன்னது விளம்பரப் பேச்சு. அந்தக் கோடையில் இப்ஸ்விச் ஊரில் வேறு பெயரில் நடித்துப் பழகியிருந்தார், அதற்கும் முன்னால் முகமூடிக்குள் ஆடியிருந்தார். ஆங்கில மேடையின் மிகப் பெரிய துன்பியல் நடிகர் லண்டன் அரங்கில் முதலில் கால்வைத்தது பபூனாக! இதைக் கேரிக்கின் வாழ்க்கை வரலாறுகள் ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. வசனமே இல்லாமல் கண்ணையும் தோளையும் முழங்காலையும் வைத்துக் கதை சொல்லும் பயிற்சி அது. அந்தக் கனவுக் காட்சியில் ரிச்சர்டின் உடம்பு நடுங்கியபோது, அந்தப் பயிற்சியும் கூடவே இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

ரிச்சர்ட் செத்து விழுந்தபிறகு சபை கலையவில்லை. கச்சேரியின் மீதிப் பகுதியும் ஃபீல்டிங்கின் குட்டி நாடகமும் பாக்கி. அதன் கதை எளியது. உலகம் தெரியாமல் வளர்ந்த மகள் லூசி. பணக்காரத் தகப்பன் சொந்தக்காரர்களுக்குள்ளேயே மாப்பிள்ளை பார்க்கிறான். மருந்துக்கடைக்காரன், நடன வாத்தியார், பாட்டு வாத்தியார், வக்கீல் என்று ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். அவளோ தாமஸ் என்ற வேலைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிடுகிறாள். மேல் காலரியில் வண்டிக்காரர்களும் வீட்டு வேலைக்காரர்களும் நிறைந்திருந்த காலம் அது. அரசர்கள் கொல்வதையும் சாவதையும் மூன்று மணி நேரம் பார்த்தவர்கள், தங்களைப் போன்ற ஒருவன் ஜெயிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே இரவில் வைத்த முதலாளிக்குச் சபையின் நாடி தெரிந்திருந்தது.

சில வாரங்களில் நகரத்தின் மேற்குக் கோடியிலிருந்து பிரபுக்களின் கோச்சு வண்டிகள் ஒயிட்சேப்பலுக்கு வரிசையாக வரத் தொடங்கின. பட்டய அரங்குகளில் கூட்டம் குறைந்தது. அந்த அரங்குகளின் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை; 1742இல் குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் மூடப்பட்டது. ஐந்தே ஆண்டில் கேரிக் ட்ரூரி லேன் அரங்கின் கூட்டு உரிமையாளராக உட்கார்ந்தார். அன்று முதல் அவருக்கு எதிரியாக நின்றவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நமது நாடகப் பாடங்களில் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

அவர் ஜான் ரிச். 1728இல் ஜான் கேயின் ‘பிச்சைக்காரர் இசைநாடகம்’ என்ற பெரும் வெற்றியை மேடையேற்றியவர், 1732இல் கோவென்ட் கார்டன் அரங்கைக் கட்டித் திறந்தவர். வசனம் சொன்னால் அவருக்கு வராது. ஆனால் ‘லன்’ என்ற மேடைப் பெயரில் ஹார்லெக்வின் வேஷம் கட்டி வாயைத் திறக்காமல் நின்றால் லண்டனே பார்த்துக்கொண்டிருக்கும். அவருடைய பெயர்பெற்ற ஒரு கட்டம், ஹார்லெக்வின் முட்டையிலிருந்து பொரிந்து வருவது. மேடையில் ஒரு பெரிய முட்டை. அதன்மேல் சூரிய வெப்பம் படுகிறது. உள்ளே ஏதோ அசைகிறது. ஓடு ஓரிடத்தில் தெறிக்கிறது. ஒரு பாகம் வெளியே வருகிறது, தரையைத் தொட்டுப் பார்க்கிறது. மெல்ல மெல்ல ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக உயிர் பெறுகிறது. தள்ளாடி எழுகிறான், நிமிர்கிறான், தன் கால் தன்னைத் தாங்கும் என்று கண்டுகொள்கிறான். பிறகு காலி முட்டை ஓட்டைச் சுற்றி ஒரு துள்ளல் ஓட்டம். பார்த்தவர்கள் முதுமையில்கூட இதை மறக்காமல் எழுதி வைத்தார்கள். ஒரு சொல் இல்லை. அரங்கு இயந்திரமும் அதிகம் தேவையில்லை. ஒரு மனித உடம்பு மட்டும்.

ரிச்சின் பாண்டமைம்களில் இரண்டு இழைகள் ஓடும். ஒன்று கிரேக்க, ரோமானியப் புராணக் கதை, பாட்டாக. மற்றொன்று ஹார்லெக்வினும் அவன் காதலி கொலம்பைனும் அவள் தகப்பனிடமிருந்து தப்பி ஓடும் துரத்தல், ஊமைக்கூத்தாக. இரண்டும் மாறி மாறி வரும். ஹார்லெக்வின் தன் மரவாளால் ஒரு தட்டுத் தட்டினால் மாளிகை குடிசையாகும், மனிதன் தள்ளுவண்டியாவான். பின்னால் தச்சர்களும் சாயம் பூசுபவர்களும் கயிறு இழுப்பவர்களும் மாதக்கணக்கில் வேலை செய்திருப்பார்கள். செலவு அதிகம், ஆகவே பாண்டமைம் நாட்களில் டிக்கெட்டை ஏற்றினார்கள். எதிர்ப்பு வந்தபோது ஒரு சமரசம் செய்தார்கள்: பாண்டமைம் தொடங்குமுன் எழுந்து போகிறவருக்கு ஏற்றிய தொகையைத் திருப்பித் தருவோம் என்றார்கள். இதனால் நாடகத்துக்கு மட்டும் வந்தவர் யார், கூத்துக்கும் சேர்த்து வந்தவர் யார் என்பதைக் காசாளர் நன்றாகவே அறிவார்.

இதைக் கண்டு மனம் நொந்தவர்களும் உண்டு. ட்ரூரி லேனில் நிர்வாகியாக இருந்த அதே காலி சிப்பர் 1740இல் வெளியிட்ட தன் வாழ்க்கைக் கதையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். மனசாட்சிக்கு விரோதமாகத்தான் பாண்டமைம் போட்டோம். எதிர்க் கம்பெனி அதைப் போட்டுக் கூட்டத்தை இழுக்கும்போது, கொள்கைக்காகப் பட்டினி கிடக்கும் அளவுக்கு எங்களிடம் புண்ணியம் இல்லை என்று எழுதுகிறார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. பாண்டமைம் ஈட்டிய பணத்தில்தான் ‘ஹாம்லெட்’டுக்கும் ‘ஒத்தெல்லோ’வுக்கும் மெழுகுவத்தி எரிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 180 இரவுகள் அரங்கு திறந்திருக்க வேண்டும், நூற்றுக்குக் குறையாத ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பெரிய நாடகம் தனியாக நின்று அதைச் சுமந்திருக்காது.

கேரிக்கும் இதை அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டார். 1750 செப்டம்பரில் ட்ரூரி லேனும் கோவென்ட் கார்டனும் ஒரே இரவில் ‘ரோமியோ ஜூலியட்’டைப் போட்டு, பன்னிரண்டு நாட்கள் விடாமல் மோதிக்கொண்டன. ஊரே சலித்துப்போயிற்று. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் கேரிக் ஹென்றி உட்வர்டை ஹார்லெக்வினாக வைத்து ‘குவீன் மேப்’ பாண்டமைமை இறக்கினார். ரிச்சின் சொந்த நிலத்திலேயே அவரைத் தோற்கடித்த வெற்றி அது. 1759இல் இன்னும் ஒருபடி மேலே போனார். ‘ஹார்லெக்வின் படையெடுப்பு’ என்று தானே எழுதி, ஹார்லெக்வினைப் பேச வைத்து, கடைசியில் ஷேக்ஸ்பியரிடம் அவன் தோற்றுப்போவதுபோலக் கதையைக் கொண்டுபோனார். அதே 1759இல் கோவென்ட் கார்டனில் ‘பிச்சைக்காரர் இசைநாடகம்’ மறுபடி ஓடு ஓடென்று ஓடியது. இடையில் வரும் ஒரே ஒரு ஹார்ன்பைப் ஆட்டத்துக்காகத்தான் கூட்டம் வந்தது. ஆடியவர் நான்சி டாசன். அடுத்த ஆண்டே அதிகச் சம்பளம் பேசி அவரை ட்ரூரி லேன் இழுத்துக்கொண்டது. சில நிமிட ஆட்டக்காரிக்காக இரண்டு ராஜ அரங்குகள் போட்டி போட்டன.

எல்லாக் கலவையும் சபைக்குப் பிடித்துவிடவில்லை. 1755 நவம்பரில் கேரிக் நோவேர் என்ற நடன மேதையைப் பாரிஸிலிருந்து வரவழைத்து ‘சீனத் திருவிழா’ என்ற பெரிய நடனக் காட்சியைப் போட்டார். பிரான்ஸோடு போர் மூளும் நேரம். பிரெஞ்சுக்காரர்களை மேடையில் பார்த்ததும் மேடைக்கு முன்னாலிருந்த பிட்டும் காலரியும் கொதித்தன, விலை கூடிய பாக்ஸில் இருந்த கனவான்கள் வாளை உருவிக்கொண்டு இறங்கினார்கள், பெஞ்சுகள் உடைந்தன. கேரிக் வீட்டு ஜன்னல்களும் தப்பவில்லை. நோவேர் இங்கிலாந்துக்கு அந்நியர். ஆனால் பின்னாளில் பாலே நடனத்தின் இலக்கணத்தையே மாற்றி எழுதியவர். அவருக்கு அன்று கிடைத்த வரவேற்பு அந்தச் சபையின் மீது படிந்த கறை என்று நான் கருதுகிறேன்.

அதைவிட முக்கியமான கலகம் 1763இல் நடந்தது, அரைக் கட்டணத்துக்காக. நாடகம் ஐந்து அங்கம். மூன்றாம் அங்கம் முடிந்ததும் பாதிக் கட்டணத்தில் உள்ளே விடுவது நெடுநாள் வழக்கம். கடையைக் கட்டிவிட்டு வரும் வியாபாரிகளுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் எட்டு மணிக்குமேல்தான் ஒழிவு. நாடகத்தின் வாலையும், அதன்பின் வரும் பாண்டமைமோ குட்டி நாடகமோ முழுசாகவும் அவர்களுக்குக் கிடைக்கும். ஜனவரி 25 அன்று ட்ரூரி லேனில் அதை நிறுத்தப் பார்த்தார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் தலைமையில் பிட்டில் எழுந்த கூட்டம் விளக்குகளையும் பெஞ்சுகளையும் நொறுக்கியது. ஒருவன் மேடைச் சீலைக்குத் தீ வைக்கவே போனான். ஜான் மூடி என்ற நடிகர் பாய்ந்து தடுத்தார். அடுத்த நாள் கூட்டம் மூடியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. தீயை அணைத்து உங்கள் உயிரைக் காப்பாற்றியது உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்கு வருந்துகிறேன் என்ற பொருள்படச் சொன்னார். மண்டியிடு என்று கத்தினார்கள். மண்டியிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கேரிக் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். ஆனால் கட்டண விஷயத்தில் கேரிக் பணிய வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் கோவென்ட் கார்டனிலும் கூட்டம் அரங்கை அடித்து நொறுக்கியபிறகு அதன் நிர்வாகமும் பணிந்தது.

கடைசியில் நிலைத்த விதியைக் கவனியுங்கள். எல்லா இரவுகளிலும் அரைக் கட்டணம் உண்டு, புதிய பாண்டமைம் முதல் பருவத்தில் ஓடும் இரவுகளைத் தவிர. கலகக்காரர்களே ஒப்புக்கொண்ட விலைப்பட்டியல் அது. ஷேக்ஸ்பியருக்குத் தள்ளுபடி உண்டு, புது ஹார்லெக்வினுக்குக் கிடையாது.

பட்டய அரங்குகளுக்கு வெளியே இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனிச் சொற்பொழிவுக்கான விஷயம். பேச்சு நாடகம் இரண்டு அரங்குகளின் ஏகபோகம் என்றானபோது, மற்றவர்கள் பேச்சைத் தவிர்த்த அனைத்தையும் வளர்த்தார்கள். சாட்லர்ஸ் வெல்ஸில் கயிற்றின்மேல் நடந்தார்கள், கரணம் போட்டார்கள், பாடினார்கள். சாமுவேல் ஃபூட் 1747இல் நண்பர்களைச் சாக்லேட் பானம் குடிக்கக் கூப்பிடுவதாக விளம்பரம் செய்து, அந்தச் சாக்கில் ஊர்ப் பிரமுகர்களைப்போல் நடித்துக் காட்டினார். பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் 1768இல் தேம்ஸின் தென்கரையில் வட்டமாகக் குதிரை ஓட்டி வித்தை காட்டினார். ஓரிரு ஆண்டுகளில் கோமாளியையும் கயிற்றாட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டார். இன்றைய சர்க்கஸ் அங்கே பிறந்தது. ஒரு தடைச் சட்டம் எத்தனை கலைகளைப் பெற்றுப் போட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது.

நாடகத் துறை மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பாடத்தில் ஷெரிடனின் ‘விமர்சகன்’ இருக்கலாம். அதைப் படிக்கும்போது பாதிச் சிரிப்புத்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். 1779 அக்டோபர் 30 அன்று ட்ரூரி லேனில் அது முதன்முதலாக மேடையேறியது, ஒரு பெரிய நாடகத்துக்குப் பின் வரும் குட்டி நாடகமாக. அந்தப் பெரிய நாடகம் ‘ஹாம்லெட்’. சற்று முன்தான் ஒஃபீலியா பித்துப் பிடித்து அதே மேடையில் அலைந்திருக்கிறாள். இப்போது பஃப் என்ற போலி ஆசிரியர் எழுதிய துன்பியல் நாடகத்தின் ஒத்திகை. கதாநாயகி டில்புரினா வெள்ளைச் சாட்டின் உடுத்திப் பித்துப் பிடித்து வருகிறாள். தோழி வெள்ளை லினன் உடுத்திப் பித்துப் பிடித்து வருகிறாள். எஜமானிக்குப் பித்தென்றால் தோழிக்கும் பித்து வரத்தானே வேண்டும், துணியின் தரம் மட்டும் ஒரு படி குறைவு! அந்த ஆண்டு கோடையில் பிரான்ஸ், ஸ்பெயின் கூட்டுக் கப்பற்படை உண்மையிலேயே ஆங்கிலக் கால்வாயில் வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தது; பஃப்பின் நாடகமோ 1588இன் ஸ்பானிய ஆர்மடா பற்றியது. முடிவில் லூதர்பூர்க் தீட்டிய கடலும் கப்பல்களும் பீரங்கிச் சண்டையும், அதன்பின் இங்கிலாந்தின் ஆறுகளெல்லாம் மனித வேஷத்தில் ஊர்வலமாக வருவதும் ஒரு முழுப் பாண்டமைமின் ஆடம்பரம்.

ஒஃபீலியாவின் பித்துக் காட்சி நாடகத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். மூன்றாம் அங்கம் முடிந்தபிறகுதான். எட்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, பாதிக் கட்டணத்தைக் கொடுத்துக் காலரிக்கு ஓடி ஏறியவனும் அதைப் பார்த்திருப்பான். வெள்ளை லினன் உடுத்திய தோழி உள்ளே நுழைந்தபோது, ஆறு மணியிலிருந்து பாக்ஸில் உட்கார்ந்திருந்த பிரபுவோடு அவனும் சேர்ந்தே சிரித்திருப்பான்.